இருபத்துநாலின் பெருமை
(ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கணித நாள் விழாப் பேச்சு)

தலைமை தாங்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர்களே, பந்தலுக்கும் நாற்காலிக்கும் வாடகை வாங்காத அண்ணன் அவர்களே, மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டிவிட்டு வந்திருக்கும் பெரியவங்களே, தாய்மார்களே, கண்ணுகளா, எல்லோருக்கும் வணக்கமுங்க.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அந்த உழக்கு எங்கே போச்சு என்று தெரியவாவது கணக்கு வேணுமுங்க!

கொங்கு நாடே இருபத்துநாலு நாடுதான். பூந்துறை, காங்கயம், காஞ்சிக்கோயில் எல்லாம் அதில் அடக்கம். அந்த 24 பற்றி மூன்று சங்கதி: பங்கு பிரிப்பது, தேங்காய்க் கோபுரம், பகா எண்ணோடு உறவு.

நாமக்கல் முட்டை அட்டையில் 30 முட்டை. 30-ஐ மீதமில்லாமல் வகுக்கும் காரணிகள் 1, 2, 3, 5, 6, 10, 15, 30 என எட்டு. 24-க்கும் எட்டுதான்: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் எட்டு கிடையாது. இப்படி முந்தைய எண்களையெல்லாம் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்களைத்தான், 1887 டிசம்பர் 22-இல் இதே ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1915-இல் பெரிய கட்டுரையாக ஆராய்ந்தார். 24-க்கு அடுத்தது 36, அதற்கு ஒன்பது. எழுதிப் பார்க்காமலே எண்ணலாம்: 24 என்பது 2³ × 3. அடுக்குகள் 3, 1. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 2 = 8. பிள்ளைகள் தவறுவது அந்த ஒன்றைக் கூட்டாமல்தான். இரண்டை ஒருமுறைகூட எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பது மறந்துபோகிறது.

ஒரு கதை சொல்றேனுங்க. காங்கயத்துப் பக்கம் ஒரு தேங்காய்க் களம். முதலாளிக்குக் கோபுரமாக அடுக்கினால்தான் மனசு நிறையும்: உச்சியில் ஒன்று, அடுத்து நாலு, அடுத்து ஒன்பது. அடுக்குகிற பையனுக்குச் சதுரமாகப் பரப்பத்தான் பிடிக்கும். "கோபுரத்தைக் கலைச்சா ஒரு காய் மிஞ்சாம, குறையாமச் சதுரமா வரோணும், முடியுமாடா?" பையன் 23 வரிசைக் கோபுரத்தைக் கலைத்தான்: 4324 காய். 66-க்கு 66 பரப்ப 32 காய் பத்தவில்லை. 25 வரிசையில் 5525. 74-க்கு 74 பரப்பி 49 மிச்சம். நடுவே 24 வரிசை போட்டான்: 24 × 25 × 49-ஐ ஆறால் வகுத்தால் 4900. எழுபதுக்கு எழுபது, அச்சாகச் சதுரம்! "இன்னொண்ணு காட்டுடா" என்றாராம் முதலாளி. பையன் ஒற்றைத் தேங்காயை வைத்தானாம். அதுதானுங்க பதில், ஒன்றையும் 24-ஐயும் விட்டால் வேறு கிடையாது. 1875-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் கேட்ட கேள்வி இது. 1918-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் வாட்சன் நிரூபித்தார்.

பகா எண்ணுக்கு வருவோம். 5 முதல் எந்தப் பகா எண்ணையும் வர்க்கமாக்கி ஒன்றைக் கழியுங்கள், 24-ஆல் வகுபடும். 7-க்கு 48, 11-க்கு 120. அப்படிக் கழித்து வருவது, அந்தப் பகா எண்ணின் இருபுறமும் நிற்கும் எண்களின் பெருக்கல்தான்: 7-க்கு 6 × 8. அவை அடுத்தடுத்த இரட்டை எண்கள் என்பதால் பெருக்கல் 8-ஆல் வகுபடும். அவற்றில் ஒன்று மூன்றின் மடங்கு. ஆனால் திருப்பிப் போடாதீர்கள்: 25-க்கும் 624, அதாவது 24 × 26, 25 பகா எண் அல்ல.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. என் கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். வாய்ப்பாடு 16-ஓடு நின்றுபோகக் கூடாது, 24 வரை வேணும். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை இரட்டித்தால் போதும்: 12 × 7 = 84, இரட்டித்தால் 168. வரிசையாகப் பாடவிட்டால் பாட்டாகத்தான் பதியும். இடையில் கேட்டால் பிள்ளை முழிக்கும். கலைத்துக் கேளுங்கள். தினம் பத்து நிமிடம், முதல் மணிக்கு முன்னால். உழக்கு மிஞ்சாது என்று சொல்லும் பெரியவங்களே வந்து கேட்கலாம். மேடைக்குப் பின்னால் நோட்டு இருக்குதுங்க, பேர் எழுதிட்டுப் போங்க.