அந்த அறையில் யார் இல்லை?

நடுவர் அவர்களுக்கும், பேசி முடித்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணனுக்கும், எதிரே இருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். 'நிலைத்த அமைதியைத் தருவது வலிமையா, உரையாடலா?' என்பது தலைப்பு. நான் உரையாடலின் பக்கம். இந்தப் பக்கத்துக்காரர்கள் எழுந்து நின்றதுமே 'இன்னா செய்தாரை ஒறுத்தல்' என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று எதிரணி அதற்கு ஒரு பதிலும் எழுதி வைத்திருக்கிறது, அண்ணனின் தாளை எட்டிப் பார்த்துவிட்டேன். அதனால் அதை நான் சொல்லப் போவதில்லை.

அண்ணன் இரண்டு அடி அடித்தார். ஒன்று மியூனிக். 1938-ல் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரிடம் பேசினார், கையெழுத்து வாங்கிய தாளை ஊருக்கு வந்து ஆட்டிக் காட்டினார், ஒரு வருடம் முடிவதற்குள் உலகப் போர் வந்தது, பேச்சின் லட்சணம் இவ்வளவுதான் என்றார். இன்னொன்று, கடைசியில் ஹிட்லரை முடித்தது பேச்சா பீரங்கியா என்று கேட்டார். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன், நன்றாகத்தான் கேட்டார்.

சரி, மியூனிக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த அறைக்குள் யார் இருந்தார்கள்? ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ். எந்த நாட்டை வெட்டி ஹிட்லருக்குக் கொடுக்கலாம் என்று பேசினார்களோ அந்தச் செக்கோஸ்லோவாக்கியாவைக் கூட்டத்தில் சேர்க்கவே இல்லை. அவர்களுடைய ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு, உங்கள் நிலத்தில் இவ்வளவு போகிறது என்று தகவல் சொன்னார்கள். அண்ணே, இதற்குப் பெயரா உரையாடல்? வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் நாலு பேர் கூடி அவன் வீட்டில் இரண்டு அறையைத் தங்களில் ஒருவனுக்கு எழுதிக் கொடுத்தால், அதைப் பேச்சுவார்த்தை தோற்றுவிட்டது என்று என் கணக்கிலா எழுதுவீர்கள்? அதில் வெட்டுப்பட்டவனை யாரும் எதுவும் கேட்கவே இல்லையே.

அடுத்தது பீரங்கி. ஹிட்லரைத் தோற்கடித்தது ராணுவம்தான், முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் உலகப் போரில், 1918-லும் ஜெர்மனியைத் தோற்கடித்தது ராணுவம்தானே? அதே ஜெர்மனி, அதே பிரான்ஸ், இரண்டு தடவையும் பீரங்கி ஜெயித்தது. முதல் தடவை பிரான்சின் வெர்சாயில் என்ன நடந்தது என்றால், 1919 மே மாதம் ஜெர்மன் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு முடிவு செய்த ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது கிடையாது, ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் கையெழுத்துப் போடு. ஜூன் 28 அன்று போட்டார்கள். 1939-ல் அடுத்த போர். அந்தப் போருக்கு வேறு காரணங்களும் உண்டு, பொருளாதாரம் சரிந்தது, அது இது என்று ஒரு பட்டியலே போடலாம், ஆனால் அந்த அவமானத்தைத்தான் ஹிட்லர் மேடை மேடையாக விற்றான்.

இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 1950-ல் பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் சகோதர நகரங்கள் ஆயின, இரு நாட்டுக்கும் இடையே இதுதான் முதல் இணைப்பு. பிரெஞ்சு நகரத்தின் மேயர் லூசியன் தராதென் யார் தெரியுமா? புகன்வால்ட் நாஜி வதைமுகாமில் அடைபட்டு உயிரோடு திரும்பியவர். கை நீட்டாதே என்று சொல்ல யாருக்காவது உரிமை உண்டு என்றால் அது அவருக்குத்தான் உண்டு, அவரே நீட்டினார், அதுவும் போர் முடிந்து ஐந்தே வருடத்தில். அதே 1950 மே மாதம் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான், இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்றார். பீரங்கி செய்கிற சரக்கே பொதுவில் போய்விட்டால் யாருக்கும் தெரியாமல் எங்கே பீரங்கி செய்வது? 1963-ல் இரு நாட்டு ஒப்பந்தம், அதோடு இளைஞர் பரிமாற்ற அலுவலகம். இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள், அதில் எத்தனையோ பேர் தாத்தாவைச் சுட்டவரின் பேரனோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருப்பார்கள். 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட இரண்டு நாடுகள் இவை. பிற்பாடு அந்த எல்லையில் பாஸ்போர்ட் கேட்க ஆள் நிற்பதே அபூர்வம் என்று ஆனது.

அமெரிக்கப் படை அங்கே நின்றதே, சோவியத் பயம் இருந்ததே என்று எதிரணித் தங்கை குறிப்பு எழுதுவது தெரிகிறது. நின்றது, இருந்தது. ஆனால் எந்தப் படையும் ஒரு பிரெஞ்சுத் தாயைப் பிடித்து, உன் மகனை ஜெர்மன்காரர் வீட்டில் ஒரு மாதம் தங்க விடு என்று கட்டளை போட முடியாது. அது அவளாக அனுப்புவது.

அதட்டிக் கொண்டுவருகிற அமைதி நமக்கெல்லாம் பழக்கமானதுதான். அண்ணனும் தம்பியும் கட்டிப் புரள்வார்கள், அப்பா வந்து ஒரு சத்தம் போடுவார், வீடு கப்சிப். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பட்டும், அப்புறம் பாருங்கள்.

வட அயர்லாந்தில் அப்பா கிளம்பவே இல்லை, இருந்தும் சண்டை நிற்கவில்லை. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கர்களுக்கும், பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டன்ட்களுக்கும் இடையே நடந்த சண்டை அது. 1969-ல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது, 1971-ல் விசாரணை இல்லாமலே ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள். 1972-ல் படையினர் 20,000 பேருக்கும் மேல் இருந்தார்கள், அந்த முப்பது வருடச் சண்டையிலேயே அதிகம் பேர் செத்ததும் அதே வருடம்தான், ஐந்நூறுக்கு அருகில். மொத்தச் சாவு சுமார் 3,500. இதற்கு நடுவில் ஜான் ஹ்யூம் என்று ஒரு கத்தோலிக்கத் தலைவர், வாழ்நாள் முழுக்க வன்முறையை எதிர்த்தவர், பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ இயக்கத்தின் அரசியல் கிளையான ஷின் ஃபெயினின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸை 1988-லிருந்து சந்தித்துப் பேச ஆரம்பித்தார். வெளியே தெரிந்ததும், பயங்கரவாதியோடு என்ன பேச்சு என்று அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஆனால் அந்தப் பேச்சு திறந்த வழியில்தான் பிற்பாடு ஷின் ஃபெயினும் பேச்சுவார்த்தைக்குள் வந்தது. அமெரிக்கர் ஜார்ஜ் மிட்செல் நடுவராக உட்கார்ந்து (நம் நடுவரைப் போல ஒரே மாலையில் முடிக்கிற வேலை இல்லை, ஏறக்குறைய இரண்டு வருடம்) 1998 ஏப்ரல் 10 அன்று ஒப்பந்தம் ஆனது. நாலே மாதத்தில் ஒமா என்ற ஊரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். எதிரணியின் கணக்குப்படி ஒப்பந்தம் அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை, ஏனென்றால் அது யாரோ மேலிருந்து போட்ட ஒப்பந்தம் இல்லை, மே மாதமே மக்கள் ஓட்டுப் போட்டு எங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். பெல்பாஸ்டில் இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன, அதையும் மறைக்கவில்லை. சுவர் மெதுவாகத்தான் இறங்கும்.

இனி இரக்கம். எதிரணியில் முதலில் பேசிய அம்மா கேட்டது என்னைக் கொஞ்சம் தைத்தது. கொன்றவனிடம் இரக்கம் காட்டச் சொல்கிறீர்களே, செத்தவன் வீட்டுக்கு என்ன பதில் என்றார். இரக்கம் என்றால் தலையைத் தடவி அனுப்புவது என்று யார் சொன்னது? புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட நிறுத்தியிருக்கிறான். கோவூர் கிழார் போய் நிற்கிறார். நீ யார் வழி வந்தவன், இந்தப் பிள்ளைகள் யார் வழி வந்தவர்கள் என்று நினைவூட்டிவிட்டு, அவர் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டு, கூடியிருக்கிற கூட்டத்தை மிரண்டு பார்க்கிறார்கள், பார். கேட்டாயிற்று, இனி உன் விருப்பப்படி செய் என்று முடித்துவிடுகிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள். அரசனிடம் அவர் கெஞ்சவில்லை, எதிரி என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது குழந்தை என்று காட்டினார், அவ்வளவுதான்.

அம்மாவின் கேள்விக்குத் தென்னாப்பிரிக்கா கொடுத்த பதில் இன்னும் கறாரானது. வெள்ளை இனவெறி ஆட்சி முடிந்த பிறகு, அந்தக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-ல் விசாரணையை ஆரம்பித்தது. மன்னிப்பு வேண்டும் என்றால் அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றமாக இருக்க வேண்டும், செய்தது முழுவதையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான விசாரணைகள் மூடிய கதவுக்குள் இல்லை, ஊரறிய நடந்தன. 7,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, மன்னிப்புக் கிடைத்தது 849 பேருக்கு. போலீஸ் காவலில் செத்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவின் சாவில் தொடர்புடைய போலீஸ்காரர்களும் கேட்டார்கள், கிடையாது என்றுவிட்டார்கள். அங்கேயும் குறை உண்டு: இழப்பீடு குறைவாகவும் தாமதமாகவும் வந்தது, மன்னிப்பு மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேல் வழக்கே நடக்கவில்லை. பிக்கோவின் குடும்பம் இந்த ஏற்பாட்டையே எதிர்த்து நீதிமன்றம் போனது, அவர்களுடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் மகனை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் இருந்த பல தாய்மார்களுக்கு அந்த விசாரணைகளிலிருந்துதான் விடை கிடைத்தது. சிறைக்குப் பயந்து வாய் மூடியவனிடமிருந்து அது வந்திருக்காது.

நடுவர் மணியைத் தொடுகிறார், ஒரே ஒரு நிமிடம் ஐயா. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா, 2003. உள்நாட்டுப் போர். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே மாதிரி வெள்ளை உடையில் வாரக்கணக்கில் திறந்த வெளியில் உட்கார்ந்தார்கள், முன்னே நின்றவர் லேமா போவீ. கானாவில் பேச்சு நடக்கிறது, ஆயுதக் குழுத் தலைவர்கள் ஹோட்டலில் தங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார்கள், ஊரில் குண்டு விழுகிறது. பெண்கள் நேராகப் போய்ப் பேச்சு நடக்கிற அறையின் வாசலில் கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள், முடிவு வராமல் ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று. காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவீ தன் உடையையே களையத் துணிந்தார், காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 18 அன்று கையெழுத்தானது. வெளிநாட்டுப் படையும் வந்தது, சர்வாதிகாரி டெய்லரை விரட்டியதில் கிளர்ச்சிக்காரர்களுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களை எழுந்து போகவிடாமல் பேச வைத்தது, துப்பாக்கி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள்.

மணி அடித்துவிட்டது, போகிறேன். அடுத்து வருகிற எதிரணித் தங்கை இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: மியூனிக்கில் அந்தக் கதவைத் திறந்து வெளியே காத்திருந்த செக்கோஸ்லோவாக்கியாக்காரர் ஒருவரை உள்ளே உட்கார வைத்திருந்தால், அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் அதே வரிகள்தான் இருந்திருக்குமா?