ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் நம்ம ஊர் மே மாசத்தைத் தாங்குமா?

வணக்கம். அடுத்த கேள்வி தண்டையார்பேட்டையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன். "அண்ணா, பத்தாவது பசங்களுக்குப் பாடம் பேசி ரெக்கார்ட் பண்றேன். குழந்தை தூங்கினப்புறம் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் நேரம் கிடைக்குது. ஒரே ரூம். ஐ ஃபைவ் 12400 மெஷின், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மெஷினோட ஃபேன் சத்தம் மைக்ல விழுது. ஃபேனே இல்லாத ஹீட்சிங்க் வாங்கலாமா? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?"

ரொம்ப நல்ல கேள்விம்மா. இதுக்கு ஆமா, இல்லன்னு ஒரே வார்த்தையில சொன்னா உங்க காசு வீணாப் போயிடும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

ஹீட்சிங்க்னா புராசஸர் சூட்டை வாங்கி காத்துல விடற உலோகத் தகடு அடுக்கு. ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்னா என்ன? ஆஸ்திரியாக்காரங்க நோக்டுவா கம்பெனி 2021ல என்எச் பி1னு ஒண்ணு விட்டாங்க. ஆறு ஹீட் பைப், 1180 கிராம் எடை. ஒரு கிலோவுக்கு மேல! அந்தப் பைப்புக்குள்ள துளியூண்டு தண்ணி இருக்கும். புராசஸர் சூட்டுல ஆவியாகி மேல போய், தகடுல சூட்டை விட்டுட்டு, திரும்பத் தண்ணியாகி இறங்கும். சாதா ஹீட்சிங்க்ல தகடெல்லாம் நெருக்கமா இருக்கும், ஏன்னா காத்தை உள்ள தள்ள ஃபேன் இருக்கு. இதுல தகடு தடிமனா, இடைவெளி விட்டு இருக்கும். சூடான காத்து தானா மேல எழும்பணும், அந்த இழுவைக்கு வலு ரொம்பக் குறைவு. நெருக்கமா வச்சா காத்து நடுவுலயே தேங்கிடும்.

"இத்தனை வாட் வரைக்கும் தாங்கும்"னு ஒரே எண் அவங்களே குடுக்கல. ஏன்னா கேபினெட்டும் ரூமும் மாறினா எல்லாமே மாறிடும்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுக்காரங்க டெஸ்ட் பண்ற ரூம் 20, 22 டிகிரியில இருக்கும். ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம்: 65 வாட் ஓடும்போது புராசஸர் ரூமை விட 50 டிகிரி மேல போகுதுன்னா, அங்க 70, 72. பார்க்க அழகா இருக்கும். கத்திரி வெயில் நேரத்துல நம்ம ரூம் ராத்திரியிலயும் 34, 35ல நிக்கும். மாடியில காங்கிரீட் பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரி முழுக்க விட்டுக்கிட்டே இருக்கும். அதே 50ஐ இதோட கூட்டுங்க, 85. மூடின கேபினெட்டுக்குள்ள காத்து இன்னும் ஏழெட்டு டிகிரி சூடா இருந்தா 92, 93. உங்க புராசஸருக்கு 100 டிகிரி எல்லை. அங்க போனா எரிஞ்சு போகாது, தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால ரிவ்யூ பார்க்கும்போது கடைசி டெம்பரேச்சரைப் பார்க்காதீங்க, ரூமை விட எவ்வளவு ஏறிச்சுன்னு பாருங்க. அந்த வித்தியாசம் மட்டும்தான் நம்ம வீட்டுக்கும் பொருந்தும்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நம்ம வீட்டுல மேல சீலிங் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும். ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்குக்கு அந்தக் காத்தே கொஞ்சம் உதவி பண்ணும். நீங்க ரெக்கார்ட் பண்ண உட்காரும்போது என்ன பண்ணுவீங்க? சத்தம் விழக்கூடாதுன்னு சீலிங் ஃபேனை நிறுத்துவீங்க, ஜன்னலைச் சாத்துவீங்க. வெளிய கண்டெய்னர் லாரி போற சத்தம் வேற. அப்ப என்ன ஆகுது? எந்த நேரத்துல அமைதி வேணுமோ, அந்த நேரத்துலதான் ரூம் புழுங்குது, ஹீட்சிங்க்குக்கு இருந்த கொஞ்ச நஞ்ச காத்தும் நின்னுடுது. அதனால ஹீட்சிங்க்கை மாட்டி, தாங்குதான்னு டெஸ்ட் பண்ணும்போது நீங்களும் அப்படியேதான் வைக்கணும்: ஃபேன் நிறுத்தி, ஜன்னல் சாத்தி, கேபினெட் மூடி.

டெஸ்ட் பத்து நிமிஷம் ஓட்டினா போதாது, ஒரு மணி நேரம் ஓட்டணும். அந்த ஒரு கிலோ உலோகம் சூடாகவே நேரம் எடுக்கும். 65 வாட்ல அதை ஒரு டிகிரி ஏத்த சுமார் பதினஞ்சு செகண்ட் ஆகும், மேல போகப் போக இன்னும் மெதுவாத்தான் ஏறும். பத்தாவது நிமிஷத்துல 70 காட்டுதுன்னு சந்தோஷப்பட்டா, ஐம்பதாவது நிமிஷத்துல 90ல நிக்கும். டெம்பரேச்சரோட, புராசஸர் ஓடுற கிளாக் வேகத்தையும் எழுதி வைங்க. வேகம் இறங்கிடுச்சுன்னா, டெம்பரேச்சர் நல்லா இருக்குன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

இப்ப உங்க மெஷின். 12400 புராசஸருக்கு அடிப்படை 65 வாட், டர்போல, அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 117 வரைக்கும் போகும். நிறைய மதர்போர்டு இந்த எல்லையைத் தளர்த்தி விட்டுத்தான் வருது. ஃபேன் இல்லாம ஓட்டணும்னா பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங் பக்கத்துல, பவர் லிமிட்டை 65, முடிஞ்சா 45னு கட்டிடுங்க. குரல் ரெக்கார்ட் பண்றதுக்கு புராசஸர் பெருசா வேலையே செய்யாது. வீடியோ எக்ஸ்போர்ட் மட்டும் கொஞ்சம் மெதுவாகும், அதைப் போட்டுட்டுத் தூங்கிடலாம்.

கேபினெட்டுக்கு மேல்பக்கம் ஜல்லடை மாதிரி திறந்திருக்கணும். தகடோட சந்து மேலயும் கீழயும் பார்த்து நிக்கணும். மூடின மேஜைக்குள்ள வச்சா வேண்டவே வேண்டாம். ஃபேன் காத்து போயிடுச்சுன்னா மதர்போர்டுல புராசஸருக்கு மின்சாரம் குடுக்கிற பகுதியும், ஃபைல் சேமிக்கிற எஸ்எஸ்டியும் கூட சூடாகும், அதோட டெம்பரேச்சரையும் பார்க்கணும்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. வேற எந்த வேலையும் ஓடாதப்ப, புராசஸர் ஃபேனை ஒரே ஒரு நிமிஷம் பூஜ்யத்துல வைங்க. அந்த ஒரு நிமிஷம் பேசாம மைக்ல ரெக்கார்ட் பண்ணி, இயர்போன்ல கேளுங்க. இன்னும் 'ங்ங்'னு கேக்குதா? அப்ப அது எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு கரண்ட் குடுக்கிற பெட்டியோட ஃபேனா, இல்ல பழைய ஹார்ட் டிஸ்க்கா இருக்கலாம். எவ்வளவு விலையில ஹீட்சிங்க் மாட்டினாலும் அது போகாது. முதல்ல அதைத்தான் மாத்தணும்.

சத்தம் புராசஸர் ஃபேன்தான்னா, என் மனசுல பட்டதைச் சொல்றேன். உங்களுக்கு நான் ஃபேனே இல்லாததை சிபாரிசு பண்ண மாட்டேன். பெரிய டவர் ஹீட்சிங்க் ஒண்ணு போட்டு, 120 எம்எம் ஃபேனை மெதுவா ஓட விடுங்க. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும், காத்து பாதி இருக்கும். அந்தப் பாதிக் காத்துக்கும் சுத்தமா காத்தே இல்லாததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா உங்க மைக்குக்கு அது அவ்வளவா கேக்காது, செலவும் குறையும். நோக்டுவா அந்த என்எச் பி1 மாடல்லயே விருப்பப்பட்டா ஃபேன் மாட்டிக்க கிளிப் குடுத்திருக்காங்க.

ஃபேன் இல்லாததுக்கு நம்ம பக்கத்துல ஒரு பெரிய நன்மை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருந்து வர்ற மெஷினைத் திறந்தா, உப்புக் காத்துல ஸ்க்ரூ துரு, செம்புல பச்சை, ஃபேன்ல லாரிப் புழுதி. ஃபேன் இல்லன்னா அவ்வளவு புழுதியை உள்ள இழுக்காது. தகடு இடைவெளி பெருசா இருக்கறதால ஒரு பெயிண்ட் பிரஷ் போதும். நிக்கல் பூசினதா பார்த்து வாங்குங்க.

அப்புறம் வாடகை வீடுன்னா இதைக் கட்டாயம் ஞாபகம் வச்சுக்குங்க. வீடு மாத்தும்போது ஒரு கிலோ ஹீட்சிங்க்கை மாட்டின மேனிக்கு மீன்பாடி வண்டியில ஏத்தாதீங்க. குலுங்கற குலுக்கல்ல மதர்போர்டு வளைஞ்சிடும். கழட்டி, தனியாத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டுப் போங்க. புது வீட்டுல தெர்மல் பேஸ்ட், அதாவது புராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல தடவற பசை, புதுசாத் தடவி மாட்டணும்.

அந்த ஒரு நிமிஷ ரெக்கார்டிங்கை முதல்ல எனக்கு அனுப்புங்கம்மா. கேட்டுட்டு எது வாங்கறதுன்னு சொல்றேன்.