கைக்கும் காலுக்குமான தண்ணீர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்து வெண்கலத் தொட்டி காட்டுவது பாவம் கழுவப்படுவதையா, ஊழியத்துக்கு ஆயத்தப்படுவதையா?' இதுதான் தலைப்பு. ஊழியத்துக்கே என்பது எங்கள் அணி. பாவமே என்று எதிரணித் தோழர் உருகி உருகிப் பேசினார். 'நீர் என்னை ஈசோப்பினால் சுத்திகரியும்' என்று 51ஆம் சங்கீதத்து ஈசோப்புச் செடியைச் சொன்னபோது அவையே கலங்கிவிட்டது. ஆனால் ஈசோப்புக்கும் இந்தத் தொட்டிக்கும் என்ன உறவு?

எண்ணாகமம் 19ஐப் பாருங்கள். சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்த சாம்பலை ஒரு பாத்திரத்தில் போட்டு ஊற்றுநீர் வார்ப்பார்கள். பிணத்தைத் தொட்டவன்மேல் 3ஆம் நாளும் 7ஆம் நாளும் அந்த நீரை ஈசோப்பால் தெளிப்பார்கள். அது வேறு பாத்திரம், வேறு தண்ணீர். சாம்பல் பாத்திரத்துக்குரிய பாட்டை எங்கள் தொட்டிக்குப் பாடிவிட்டார் தோழர்!

இப்போது தொட்டிக்கு வருவோம். யாத்திராகமம் 30இன்படி அதன் இடம் பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே. கழுவ வேண்டியவர்கள் ஆசாரியர்களான ஆரோனும் அவன் குமாரரும். கழுவ வேண்டியது கையும் காலும். எப்போது? கூடாரத்துக்குள் போகும்போது ஒருமுறை. தகனபலி செலுத்தப் பீடத்தை நெருங்கும்போது இன்னொருமுறை. தவறினால் சாவு. முழு ஸ்நானம் அவர்கள் ஆசாரியராக அபிஷேகம் பெற்ற நாளிலேயே மோசே கையால் முடிந்துவிட்டது. லேவியராகமம் 8 சொல்கிறது. அதன்பிறகு இந்தத் தொட்டியில் கை, கால் மட்டுமே. பலியைத் தொடுவது கை, பரிசுத்த தரையை மிதிப்பது கால். (ஆசாரிய உடைப் பட்டியலில் செருப்பே கிடையாது, கவனித்தீர்களா?)

'கண்ணாடி' வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கூடார வாசலில் கூடிய பெண்களின் தர்ப்பணங்களால், அதாவது தேய்த்துப் பளபளப்பாக்கிய வெண்கல முகக்கண்ணாடிகளால், தொட்டியும் அதன் பாதமும் செய்யப்பட்டன. அதனால் ஆசாரியன் அதில் தன் உள்ளத்தைப் பார்த்தானாம்! பார்த்தான் என்று வேதம் எங்கே சொல்கிறது? யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தின் கணக்கைப் படியுங்கள். காணிக்கை வெண்கலம், அக்கால எடையில், 70 தாலந்து, 2,400 சேக்கல். அதில் பீடம், சல்லடை, பாதங்கள், முளைகள் எல்லாம் வருகின்றன; தொட்டி வரவில்லை. அதன் உலோகம் தனியாக வந்தது. முகம் பார்க்க வைத்திருந்ததைக் கை கழுவக் கொடுத்தார்கள். தன்னைப் பார்ப்பதை விட்டு வேலைக்குத் திரும்புவதுதான் அங்கே அடையாளம்.

எருசலேமின் இரண்டாம் ஆலயக் காலத்தை, யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. தொட்டிக்கு முதலில் இரண்டு குழாய்வாய்கள்தான் இருந்தன. பென் காத்தின் என்பவர் பன்னிரண்டாக்கினார். உள்ளே கைவிட்டு அலசுவதில்லை, அதிலிருந்து வடியும் நீரில் கழுவுவார்கள். இன்னொரு சிக்கல்: தொட்டியில் இரவு தங்கிய நீர் காலையில் செல்லாது. அதற்கும் அவரே, தொட்டியை இரவில் கிணற்றுநீரில் இறக்கிவைக்கும் சக்கரப் பொறி ஒன்று செய்தார். அந்தச் சக்கரத்தின் சத்தம் தொலைவிலுள்ள எரிகோ ஊர் வரை கேட்டது என்கிறார்கள். கொஞ்சம் மிகைதான்! ஆனால் நேற்றைய நீர் இன்றைய வேலைக்கு ஆகாது என்பதில் எவ்வளவு கறார் பாருங்கள்.

அதற்கு முந்தைய சாலொமோன் ஆலயத்தில் வேலையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பத்துக் கொப்பரைகள், ஒவ்வொன்றும் 40 குடம், சக்கரம் வைத்த ஆதாரங்களின்மேல்: தகனபலிக்குரியவற்றை அலச. பன்னிரண்டு ரிஷபங்கள் தாங்கிய கடல் தொட்டி, விளிம்புக்கு விளிம்பு 10 முழம், உயரம் 5 முழம்: ஆசாரியர் கழுவிக்கொள்ள. அது 2,000 குடம் பிடிக்கும் என்று இராஜாக்களும், 3,000 என்று நாளாகமமும் சொல்கின்றன. அந்தச் சண்டையை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம். இரண்டு நூல்களிலும் ஜனங்களுக்கென்று அங்கே ஒரு கொப்பரைகூட இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு கேள்வி. பாவம் செய்தவன் தன் ஆட்டைக் கொண்டுவருகிறான், அதன் தலைமேல் கை வைக்கிறான், தானே அறுக்கிறான். கையெல்லாம் இரத்தம். சில அடி தூரத்தில் தண்ணீர் நிறைந்த தொட்டி. பாவம் கழுவத்தான் அது என்றால், அவனை அதன் பக்கம் வரச் சொல்லும் ஒரு வசனத்தை எதிரணியின் அடுத்த பேச்சாளர் எடுத்துக் காட்டட்டும்.