பழைய காருக்குப் புது என்ஜின்: எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பழைய கார் பிரியர்கள் கூடுகிற இடத்துக்குப் போனால் பேச்சு முழுக்க எண்களாகவே இருக்கும். 355, 430, 707. எல்லாம் குதிரைத்திறன் கணக்கு. 707 என்பது வாய்ச்சவடால் இல்லை. 2017-இல் உதிரிபாக நிறுவனமான மோபார், டாட்ஜ் ஹெல்கேட் காரின் சூப்பர்சார்ஜர் பொருத்திய என்ஜினை அப்படியே மரப்பெட்டியில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976-க்கு முந்தைய கார்களுக்கென்றே அதை விற்றார்கள். இப்படித் தொழிற்சாலையிலிருந்து முழுதாகக் கட்டிப் பெட்டியில் அனுப்பும் என்ஜினை அங்கே கிரேட் என்ஜின் என்பார்கள்.

நான் மிச்சிகன் மாநிலத்தில் என்ஜின் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். அந்த எண்களைத் தயாரித்துக் கொடுப்பதே எங்கள் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: எண்ணைப் பார்த்து என்ஜின் வாங்காதீர்கள்.

ஒரு காரை வைத்துப் பேசுவோம். 1975-ஆம் ஆண்டின் செவ்ரலே கமாரோ. அதில் வந்த 350 கன அங்குல என்ஜின், அதாவது 5.7 லிட்டர், கொடுத்தது 155 குதிரைத்திறன். 1970-இல் அதே கொள்ளளவில் வந்த கமாரோ இசட்-28-க்கு 360 என்று போட்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் பாதிக்கு மேல் எங்கே போயிற்று? ஈயமில்லாப் பெட்ரோலுக்காக 1971-லிருந்தே அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை இறுக்கும் அளவை, குறைத்தார்கள். 1975-இல் புகையைச் சுத்திகரிக்கும் கருவி புகைக்குழாயில் ஏறியது. இவை உண்மையான இழப்பு. மீதி வெறும் கணக்கு. முன்பெல்லாம் சைலன்சர், காற்று வடிகட்டி போன்றவற்றைக் கழற்றிவிட்டு, என்ஜினை மட்டும் சோதனை மேடையில் வைத்து ஓட்டி அளந்ததைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல், காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் பொருத்தி அளந்தார்கள். என்ஜின் அதேதான் என்றாலும் எண் இளைத்துவிட்டது.

இன்றைய பெட்டி என்ஜின்களில் பலவற்றின் எண்ணும் அந்தப் பழைய மேடைக் கணக்கை ஒட்டியதே. அதிலும் கியர் பெட்டியும் பின் அச்சும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் சக்கரத்துக்கு.

ஆகவே கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை சுழற்சியில் அந்தத் திறன் கிடைக்கிறது என்பதே. ஊருக்குள் கார் ஓட்டும்போது என்ஜின் நிமிடத்துக்கு 1,500 முதல் 3,500 சுழற்சிக்குள்தான் உழைக்கிறது. அங்கே உங்களை முன்னால் தள்ளுவது முறுக்கு விசை, அதாவது தண்டைத் திருகும் வலு. செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் விற்ற இரண்டு 350 என்ஜின்களை ஒப்பிட்டுப் பாருங்கள். விலை மலிவான ஒன்று 290 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. இன்னொன்று இசட்-இசட்-4, 355 குதிரைத்திறன். எண்ணில் வித்தியாசம் 65. ஆனால் இசட்-இசட்-4 தன் உச்ச முறுக்கு விசையான 405 பவுண்டு-அடியை 3,500 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. மலிவானது 3,750-க்குப் போய் 326-தான் தருகிறது. காரணம், மலிவானதில் அழுத்த விகிதம் குறைவு, கேம் ஷாஃப்டோ அந்த அழுத்தத்துக்குச் சற்று மிஞ்சியது.

கேம் ஷாஃப்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசை அங்கேதான் கண்ணை மறைக்கிறது. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தத் தண்டு. அதை 'பெரிதாக' வைத்தால் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். உயர்ந்த சுழற்சியில் அது லாபம். நின்றபடி ஓடும்போது கதை வேறு. உள்ளே இழுக்கும் வால்வும் வெளியே தள்ளும் வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம் கூடிவிடுவதால், வெளியேற வேண்டிய புகை புதுக்கலவையில் கலக்கிறது. என்ஜின் குதித்துக் குதித்து ஓடும். அந்தத் 'தட தட' சத்தத்தை ரசிப்பவர்கள் உண்டு, நானும் ரசிப்பேன், மற்றவர் காரில்.

அந்தச் சத்தத்தோடு கூடவே வருவது வெற்றிடக் குறைவு. நல்ல நிலையில் உள்ள சாதாரண என்ஜினின் உள்ளிழுக்கும் குழாயில் 18 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் இருக்கும். பெரிய கேம் ஷாஃப்ட் அதை 10-க்கு இறக்கிவிடக்கூடும். அந்த வெற்றிடத்தை நம்பித்தான் பவர் பிரேக்கின் துணைக்கருவி இயங்குகிறது. ஆக, வேகத்தைக் கூட்டிய கையோடு பிரேக்கைக் கல்லாக்கிவிட்டோம். சிக்னலில் நிற்க இரு கால்களையும் ஊன்ற வேண்டியிருக்கும்.

டெட்ராய்ட் நகரை ஒட்டிய உட்வர்ட் அவென்யூவில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் பழைய கார்களின் திருவிழா நடக்கிறது. 1995-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கார்கள் அந்த அகலச் சாலையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். வேகம் என்று ஒன்று கிடையாது. மாலை நேரத்தில் சாலையோரம் பார்த்தால், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியேட்டரில் ஆவி பறக்க நிற்பவர்கள் வரிசையாகத் தெரிவார்கள். அதில் கணிசமானவை பெரிய கேம் ஷாஃப்டும் பழைய ரேடியேட்டரும் கொண்டவை. சாதாரண என்ஜினோடு வந்த தாத்தாக்கள் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து போவார்கள்.

அடுத்தது, பொருத்தம். '350-க்கு 350, கழற்றி மாட்டினால் போதும்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். 1955-இல் 265 கன அங்குலமாகப் பிறந்த செவ்ரலேயின் இந்தச் சிறு வி-8, அதாவது எட்டு சிலிண்டர், குடும்பத்தில் வெளித்தோற்றம் ஒன்றாகவும் உள்விவரம் வேறாகவும் இருக்கும். 1985 வரை வந்தவற்றில் பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனை ஆயில் சீல் இரண்டு பாதிகளாக இருக்கும். 1986 முதல் ஒரே வளையம். அதோடு பின்முனையில் போல்ட் துளைகளின் வட்டமும் சிறுத்துவிட்டது. ஆகவே பழைய தட்டு, அதாவது ஆட்டோமேடிக் கியர் பெட்டியோடு இணைக்கும் அந்த மெல்லிய எஃகுத் தட்டு, புதியதில் ஏறாது. சரி, ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் அங்கேயும் ஒரு பொறி. புதிய வகையில் எடைச் சமநிலையின் ஒரு பகுதி அந்தத் தட்டிலேயே இருக்கிறது. தட்டின் ஓரம் பக்கமாக ஒரு சிறு எஃகுத் துண்டு ஒட்டவைத்திருப்பார்கள். அந்தத் துண்டு இல்லாத தட்டை மாட்டினால் போல்ட் எல்லாம் அழகாக ஏறும், என்ஜினும் கிளம்பும், ஆனால் சுழற்சி ஏற ஏற ஸ்டியரிங் வரை நடுங்கும். நாள்பட்டால் பேரிங் போய்விடும். தட்டின் விளிம்பில் உள்ள பல்லை எண்ணவும் மறக்காதீர்கள்: 153 பல் தட்டு ஒன்று, 168 பல் தட்டு ஒன்று, இரண்டுக்கும் ஸ்டார்ட்டர் வேறு. ஆயில் அளவு பார்க்கும் குச்சிகூட 1980-இல் ஓட்டுநர் பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது.

முன்சொன்ன இரண்டில், மலிவான 290 பழைய இரண்டு பாதி சீல் வகை. இசட்-இசட்-4 புதிய ஒற்றை வளைய வகை. 1975 கமாரோவுக்கு நேரடியாகப் பொருந்துவது மலிவானதே. ஆனால் அதன் கேம் ஷாஃப்டின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் டேப்பட்டுகள் தட்டை அடிப்பாகம் கொண்டவை, உருளை கிடையாது. முதல்முறை கிளப்பியதும் விடாமல் 2,000 சுழற்சி அளவில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும். துத்தநாகம் போதிய அளவு உள்ள ஆயில் ஊற்ற வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு, அதை ஊற்றினால் தண்டின் மேடுகள் தேய்ந்துவிடும். உருளை டேப்பட் உள்ள இசட்-இசட்-4-க்கு இந்தத் தலைவலி இல்லை. என்னைக் கேட்டால், கூடுதல் பணம் கொடுத்து அதையோ, அதற்குப் பின் வந்த 405 குதிரைத்திறன் இசட்-இசட்-6-ஐயோ எடுப்பேன்.

இதுவரை சொன்ன 350 என்ஜின்கள் கார்புரேட்டர் வகை. 'இந்தக் காலத்தில் போய்க் கார்புரேட்டரா?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது எல்.எஸ்-3: கொர்வெட் காரில் வந்தது, அலுமினியம், 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். அருமையான என்ஜின், அதில் சந்தேகமே இல்லை. வார்ப்பிரும்புப் பழையதை விட எடையும் நன்றாகவே குறைவு, காரின் மூக்கு லேசாகும், வளைவில் திரும்புவது இனிமையாகும். ஆனால் தாங்கிகள் முதல் ஆயில் தொட்டி, புகைக்குழாய், வயரிங், கணினி வரை எல்லாம் மாறும். கார்புரேட்டருக்கு 6 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் போதும். பெட்ரோலைப் பீய்ச்சும் வகையான இதற்கு 58 பவுண்டு வேண்டும், ஆகவே டாங்க்குக்குள் புது பம்ப். என்ஜின் விலையைச் சொல்லிவிட்டு இந்தப் பட்டியலைச் சொல்லாத விற்பனையாளர்கள் நிறையப் பேர்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு என் கணக்கு எளிது. கையில் உள்ளதில் பாதிக்கு மேல் என்ஜினுக்குப் போகக் கூடாது. மீதி ரேடியேட்டர், கியர் பெட்டி, பின் அச்சு, பிரேக், டயர் ஆகியவற்றுக்கு. கமாரோவின் முன்பாதி ஒரு தனிச் சட்டம், அது ரப்பர் திண்டுகளின் மேல் உடலோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. ஐம்பது வயதான அந்த ரப்பர் நசுங்கிப்போயிருக்கும். அதை மாற்றாமல் திறனை இரட்டிப்பாக்கினால் கார் நேரே போகிறதா என்பதே சந்தேகம். நம் ஊரில் அம்பாசிடரில் பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்த மெக்கானிக்குகளுக்கு இது புதிய செய்தியல்ல.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மிச்சிகனில் புகைப் பரிசோதனை இல்லை. கலிபோர்னியாவில் 1975 வரையான கார்களுக்கு அந்தச் சோதனை கிடையாது, 1976 முதல் உண்டு. ஓராண்டு வித்தியாசத்தில் தலையெழுத்தே மாறுகிறது. 1976 காரில் என்ஜின் மாற்ற வேண்டுமானால், அது அதே ஆண்டினதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், தனக்குரிய மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையோடும் வர வேண்டும், அதற்கென உள்ள நடுவர் நிலையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். இதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் இ-ராட் என்ற பெயரில் கருவிகளோடு சேர்த்தே என்ஜின் விற்றது. காரை வாங்கும்போதே உற்பத்தி ஆண்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

கடைசியாக, கழற்றிய என்ஜினை விற்றுவிடாதீர்கள். செவ்ரலே 350-இல் வலதுபக்க சிலிண்டர் தலைக்கு முன்னால் ஒரு சிறு தட்டையான இடம் இருக்கும், அதில் எண்கள் குத்தியிருப்பார்கள். அவற்றுள் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிற கார் என்றால் வாங்குபவர் கூடுதல் விலை தருவார். அதனால் சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, துளைகளை எல்லாம் அடைத்து, தாங்கியில் நிறுத்தி மூடி வையுங்கள். வைக்க இடம் இல்லாவிட்டால், கழற்றுவதற்கு முன்பே அந்த எண்களைத் தெளிவாகப் படம் எடுத்துக் காரின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.