அகல உழுவதிலும் ஆழ உழு

(நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இந்த நூலகத்தைக் கண்போல் காத்துவரும் நூலகர் அம்மையார் அவர்களே, வேலை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் நூலகத் துறை அலுவலர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசை மாணவச் செல்வங்களே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். புதிய அலமாரிகளை வழங்கிய நன்கொடையாளர்களின் பெயர்களைச் செயலாளர் வாசித்தார். அவர்களுக்காக இன்னொரு முறை கைதட்டுவது நம் கடமை. (கைதட்டல்)

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். திரை நம்மை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பது ஒன்று. செய்தியை எப்படி அளவோடு வாங்குவது என்பது இரண்டு. பிள்ளைகளிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது மூன்று. மூன்றுக்கும் பொதுவாக நம் முன்னோர் ஒரு சொல் வைத்துவிட்டுப் போனார்கள்: அகல உழுவதிலும் ஆழ உழு.

ஒரு கதை கேளுங்கள். நடந்த கதை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1930-களில் எலிகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒரு பெட்டி, உள்ளே ஒரு நெம்புகோல். எலி அதை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகளை மாத்திரை உருட்டும் கருவியில் அவரே உருட்டிக் காயவைக்க வேண்டும். எட்டு எலிகள். எலிக்கு நாளுக்கு நூறு உருண்டை. மொத்தம் 800! ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைப் பார்க்கிறார், கணக்குப் போடுகிறார். திங்கள் காலை பத்தரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். தீராமல் இருக்க வேண்டுமானால் அன்று மாலையும் இரவும் அந்தக் கருவியின் முன்னால்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது: எலி அழுத்தும்போதெல்லாம் ஏன் கொடுக்க வேண்டும்? நிமிடத்துக்கு ஒன்று போதாதா?

எலி சலித்துப்போய் மூலையில் படுத்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? படுக்கவில்லை. சீராக அழுத்திக்கொண்டே இருந்தது! அடுத்தடுத்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. உருண்டையை அடியோடு நிறுத்தினால், தவறாமல் கிடைத்துப் பழகிய எலி சீக்கிரம் விட்டுவிடுகிறது. எப்போதாவது கிடைத்துப் பழகிய எலிதான் விடாமல் அழுத்துகிறது. எத்தனையாவது அழுத்தத்துக்குக் கிடைக்கும் என்றே தெரியாதபடி செய்தால் அழுத்தும் வேகமும் கூடுகிறது. 1957-ல் ஸ்கின்னரும் அவரோடு ஆய்வு செய்த ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து இதை விரிவாகப் பதிவு செய்தார்கள்.

இப்போது உங்கள் கட்டைவிரலை நினைத்துப் பாருங்கள். திரையைக் கீழே இழுக்கிறோம். ஒன்றுமில்லை. மறுபடி இழுக்கிறோம். பழைய சங்கதி. ஏழாவது இழுப்பில் ஏதோ ஒன்று! இழுக்கும்போதெல்லாம் நல்லது கிடைத்தால் போதும் என்று எழுந்துவிடுவோம். எப்போதாவது கிடைப்பதால்தான் எழ முடிவதில்லை. 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் நீளும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஆகவே மன உறுதி போதவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். பொறியைப் பிரித்துப் போடுங்கள்.

எப்படிப் பிரிப்பது? எல்லா அறிவிப்புகளையும் ஒரே நாளில் நிறுத்தப் போகிறவர்கள் பாதியில் அலுத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வரும்போது கேளுங்கள்: இதை அனுப்பியது மனிதரா, செயலியா? செயலி என்றால் அங்கேயே விரலை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடுங்கள். ஏழு நாளில் அழைப்பும் உங்களுக்கென்று ஒருவர் எழுதிய செய்தியும்தான் மிஞ்சும். நேர வரம்பு வைக்கும் வசதி பலரிடம் தோற்றுப்போவதற்குக் காரணம், 'இன்னும் 15 நிமிடம்' என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருப்பதுதான். அதைத் திறக்கும் எண்ணை வீட்டில் வேறொருவர் வைக்கட்டும்.

படுக்கையறைக்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். கைபேசி தலைமாட்டில் கிடப்பதற்கு அலாரம்தான் சாக்கு. 'இரவில் அவசரம் என்றால்?' என்பீர்கள். கைபேசியை வெளியறையில், மணி கேட்கும்படி வையுங்கள். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' நிலையில் மறு அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். ஐபோனில் அதே எண் 3 நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் திரும்ப அழைத்தால் மணி அடிக்கும். முதல் மூன்று நான்கு நாள் கை தானாகச் சட்டைப்பையைத் தேடும். அங்கே ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். தேடிப் பார்க்க நினைத்ததையெல்லாம் அதில் எழுதி, மாலையில் ஒரே தடவையாகத் தேடுங்கள். எழுதியதில் பாதி, மாலைக்குள் தேவையற்றுப் போயிருக்கும்.

அடுத்து, செய்தி. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுக்க நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைத் தெரிவித்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. செய்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டு நடப்பு தெரியாதவன் குடிமகனாக இருக்க முடியாது. காலை எழுந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, முன்மாலையில் ஒரு முறை, தலா 20 நிமிடம். காணொளி அல்ல, எழுத்து. செயலியை நீக்கிவிட்டு உலாவியில் படியுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் எண்ணிக்கையும் பெயரும் மாலைக்குள் திருத்தப்படுவது வழக்கம். பொறுத்துப் படிப்பவருக்கு அந்தத் திருத்தமும் சேர்ந்தே கிடைக்கிறது. அகல உழுவதிலும் ஆழ உழு.

இனி, நூலகத் துறை அலுவலர் அவர்களின் முன்னால் என் கோரிக்கை. பல மேடைகளில் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்: மாலை 6 முதல் 8 வரை கைபேசி இல்லாத வாசிப்பு அறை. 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் வார்டு குழு, கைபேசியை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்ததாகக் கண்டது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே விளைவைக் காட்டவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஓர் அறையில் முப்பது பேரும் புத்தகத்தில் இருக்கும்போது முப்பத்தோராவது ஆள் திரையைத் திறக்கக் கூசுவார். இந்தப் பலம் தனியாக யாருக்கும் கிடைக்காது.

செலவு அதிகமில்லை. வாசலில் நாற்பது அறை கொண்ட ஒரு மரப்பெட்டி, எண் வில்லைகள், அவசரத்துக்கு நூலகத் தொலைபேசி எண். கைபேசியை அமைதி நிலையில் மட்டும் வைத்தால் போதாது, அலாரம் அப்போதும் அடிக்கும். அணைத்தே வைக்க வேண்டும். மறந்துபோன ஒன்று அதிர்ந்தால் மரம் முழுக்கக் கடகடக்கும். அதனால் உள்ளே தடித்த துணி ஒட்ட வேண்டும். வாசிக்கும் பழக்கம் விட்டவர்கள் முதல் நாளே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல நினைத்ததற்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். கோரிக்கை மனு வாசலின் வலப்பக்க மேசையில் இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் போதும். அலுவலர் புறப்படுவதற்குள் அவர் கையில் சேர்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.