மெட்டல் ரசிகர்கள் முறைப்பாடு சொன்னால் காது கொடுங்கள்

(திரையில்: டச்சு பே கடற்கரை, பின்னேரம். தூரத்தில் கோணேசர் மலை.)

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன்.

2023 ஏப்ரல் 14. எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, கோயிலுக்குப் போய்வந்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குகிற நாள். அதே நாளில்தான் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘72 சீசன்ஸ்’ ஆல்பம் வெளிவந்தது. அவர்கள் வாசிப்பது மெட்டல், அதாவது உரத்த கிட்டாரும் டிரம்மும் இறுகிய ராக் இசை. இந்த ஊரில் மெட்டல் கேட்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே எங்களுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. “பழைய வேகம் திரும்பி வந்திட்டுது மச்சான்” என்றது ஒரு கட்சி. “77 நிமிஷம் ஓடுது, பாதியை வெட்டியிருக்கலாம்” என்றது மற்றது.

உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் அன்று கதைத்ததும் கிட்டத்தட்ட இதுதான். புது ஆல்பம் வந்த ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடக்கிறது. இதைப் பார்த்து “இவங்களுக்கு எதுவும் பிடிக்காது” என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மெட்டல் ரசிகர் ஒருவர் முறைப்பாடு சொன்னால் அவர் காதில் ஏதோ ஒன்று உண்மையாகவே உறுத்தியிருக்கும். அது என்ன என்று தேடிப் பார்த்தால் நல்ல விஷயங்கள் கிடைக்கும்.

அதற்கு என்னிடம் இருக்கிற பலமான சாட்சி 2008இல் வந்த மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னட்டிக்’.

(திரையில்: இரண்டு ஒலி அலைப் படங்கள். ஒன்றில் மேடும் பள்ளமும். மற்றது செங்கல் மாதிரி நிரம்பியிருக்கிறது.)

அந்த ஆல்பம் வந்தபோது பாட்டுகள் பலருக்குப் பிடித்திருந்தன. ஆனால் கேட்கக் கேட்கக் காது களைக்கிறது, டிரம் அடி விழும் இடத்தில் ஏதோ கரகரக்கிறது என்று ரசிகர்கள் சொன்னார்கள். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ கேமிலும் வந்திருந்தன. கேமைப் பதிவுசெய்து சீடியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். காசு கொடுத்து வாங்கிய சீடியை விட விளையாட்டில் வந்த ஒலி தெளிவாக இருந்தது!

காரணம் இதுதான். ஒரு பாட்டில் மெல்லிய இடமும் உரத்த இடமும் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நெருக்குவதற்குப் பெயர் கம்பிரெஷன். அளவாகச் செய்தால் பாட்டுக்கு ஒரு இறுக்கம் வரும். அளவு மீறினால் எல்லாமே ஒரே உயரத்துக்கு வந்து, அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அதைக் கிளிப்பிங் என்பார்கள். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை அளவுக்கு மேல் திருகிவிட்டால் நாதஸ்வரம் உடைந்து பிசிறடிக்குமே, அதேதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? வானொலியில் அடுத்தடுத்துப் பாட்டுப் போகும்போது எங்கள் பாட்டு மற்றதை விட உரத்துக் கேட்கவேண்டும் என்ற போட்டி. பல வருடங்களாக நடந்த அந்தப் போட்டியை ‘சத்தப் போர்’ என்றே சொல்வார்கள். ‘டெத் மேக்னட்டிக்’ அதன் உச்சம். ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் பண்ணி, அதாவது வாத்தியங்களின் ஒலியை மறுபடி அளவாகக் கலந்து தரும்படி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே ஒலி அப்படி நெரிந்துதான் வந்தது என்று ரசிகர் ஒருவருக்கு எழுதிய பதில் வெளியே வந்தது. அளவு கருவி எதுவும் இல்லாமல் வெறும் காதால் ரசிகர்கள் கண்டுபிடித்ததை, அந்த வேலையைச் செய்தவரே ஒப்புக்கொண்டார். இன்றைக்கு ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. ஆகவே அப்படி நெரிப்பதில் இப்போது பெரிய லாபமும் இல்லை.

இன்னும் பின்னால் போனால் 1988. ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’. அதில் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த ஒலி எழுப்பும் கிட்டார், எங்கே என்று ரசிகர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். குழுவில் பேஸ் வாசித்த, ஒப்பற்ற கலைஞரான கிளிஃப் பர்ட்டன் 1986இல் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டட். புதியவருடைய வாசிப்பு முழு ஆல்பத்திலும் அமுங்கிக் கிடக்கிறது. பேஸைக் குறைக்கச் சொன்னது டிரம் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்தான் என்று மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தொம்சன் பின்னாளில் சொன்னார். ஜேசனுக்கு நியாயம் வேண்டும் என்று ரசிகர்கள் பேஸைத் தூக்கி விட்ட பதிப்புகளைத் தாங்களே செய்து இணையத்தில் போட்டார்கள். இதில் ஜேசனை நினைத்து எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

2003இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்னேர் டிரம்மின் அடியில் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு அடித்ததால் தகர வாளியைத் தட்டும் சத்தம் வந்தது. கிட்டார் தனித்து முன்னுக்கு வரும் சோலோவும் ஒன்றுகூட இல்லை. கோபம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

சரி, எல்லா முறைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறதா? இல்லை. “பழைய மாதிரி இல்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 1991இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளர் செய்த கறுப்பு அட்டை ஆல்பம் வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். வேகம் குறைந்துவிட்டது, விலைபோய்விட்டார்கள் என்றார்கள். அது அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 60 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. விற்பனை பெரிதாக இருந்தால் இசை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வேகம் குறைந்ததை மட்டுமே பார்த்தவர்கள் அதன் கனத்தைக் கவனிக்கவில்லை என்கிறேன். அந்த டிரம் ஒலிக்கு இருக்கிற கனம் முந்தைய நான்கு ஆல்பங்களிலும் இல்லை.

இப்போது ‘72 சீசன்ஸ்’க்கு வருவோம்.

(திரையில்: மஞ்சள் அட்டை, நடுவில் கருகிய தொட்டில்.)

ஒரு மனிதனின் முதல் 18 வருடங்கள், வருடத்துக்கு நான்கு பருவம் என்று எண்ணினால் 72. தலைப்பின் கணக்கு அவ்வளவுதான். மொத்தம் 12 பாட்டுகள். நீளம் அதிகம் என்ற முறைப்பாட்டோடு நான் ஒத்துப்போகிறேன். நடுவில் வரும் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே வேகத்தில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. ஆனால் 2022 நவம்பரிலேயே வெளிவந்த ‘லக்ஸ் எடெர்னா’வைப் பாருங்கள், மூன்றரை நிமிடத்துக்குள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறது. அந்தச் சுருக்கம் மற்றப் பாட்டுகளிலும் இருந்திருக்கலாம்.

குழுவின் கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட்டின் சோலோக்கள் பற்றி உவர்மலையில் இருக்கும் என் கூட்டாளி ஒருவன் கடுமையாகவே சண்டை பிடித்தான். அவனும் கிட்டார் வாசிக்கிறவன். “எல்லாத்துக்கும் வா பெடல்தானா? யோசிச்சு வாசிச்ச மாதிரியே இல்லை” என்றான். வா பெடல் என்பது கிட்டார் ஒலியை ‘வா-வா’ என்று அழவைக்கும் கால்மிதி. அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பல சோலோக்களை முன்கூட்டி எழுதி வைக்காமல், அந்த நேரம் கைக்கு வந்ததை வாசித்ததாகக் கர்க்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அது குறை. எனக்கு அறுபது வயதுக் கலைஞர் ஒருவர் துணிந்து இறங்கியது பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் கேட்டது ஒரே விஷயம்தான், தீர்ப்புதான் வேறு.

இங்கே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் புது ஆல்பத்தை முதலில் கேட்பது போன் ஸ்பீக்கரில். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. பேஸ் இல்லாமல் கேட்டுவிட்டு “எல்லாம் ஒரே மாதிரி” என்று சொல்வது இப்போது பேஸ் வாசிக்கும் ரொபர்ட் ட்ருஹியோவுக்குச் செய்யும் அநியாயம். விலை குறைந்த இயர்போன் என்றாலும் பரவாயில்லை, போட்டுக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள்.

அதுவும் கடைசிப் பாட்டு ‘இனமொராட்டா’. 11 நிமிடம், மெட்டாலிக்கா தனியாகத் தாங்களே எழுதிப் பதிவுசெய்த பாட்டுகளிலேயே நீளமானது. நடுவழியில் கிட்டார்கள் ஒதுங்கி பேஸ் தனித்து நடக்கும் ஒரு இடம் வரும். 1988இல் காணாமல்போன அந்த வாத்தியத்துக்கு 2023இல் முழு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆல்பம் நீளம் என்று திட்டுகிறவர்கள் எதை வெட்டினாலும் எனக்குச் சம்மதம், இதை மட்டும் வெட்ட விடமாட்டேன். என் கூட்டாளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எந்தப் பாட்டை வெட்டுவீர்கள்? எந்த நிமிடத்தில் என்ன உறுத்தியது என்பதோடு எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதையே எடுத்துக் கேட்போம்.