சர்க்கரைக்குக் கீழே உள்ள வரிகள்

அன்பு நேயர்களுக்குக் காலை வணக்கம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். நம் மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. 'தியாபெத்' என்ற கிரியோல் சொல் காதில் விழாத வீடு இங்கே அபூர்வம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சர்க்கரை எத்தனை என்று பார்க்கிறோம், மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். அதற்குக் கீழே இருக்கிற வரிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ரோஸ் ஹில்லில் இருக்கும் என் அக்காவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. கட்டிலை விட்டு இறங்கி, குளிர்ந்த தரையில் பாதத்தை அழுத்தி நின்றால்தான் விடும். "வயசாச்சுடா தம்பி" என்பாள். நானும் நம்பினேன். இந்த வேலையிலேயே இருந்தவன் நம்பியிருக்கக் கூடாது. கடைசியில் ரத்தத்தில் மக்னீசியம் என்ற தாது எவ்வளவு என்று பார்த்தபோது, லிட்டருக்கு 0.58 மில்லிமோல் இருந்தது. 0.7-லிருந்து 1.0 வரை இருக்க வேண்டியது அது. வழக்கமான பரிசோதனையில் பெரும்பாலும் மக்னீசியம் சேராது, கேட்டால்தான் பார்ப்பார்கள்.

ஏன் குறைகிறது? ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரோடு அது வெளியே போகும், போகும்போது மக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மக்னீசியம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இன்னும் ஏறும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும். அக்கா வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியிருக்கிறாள், அதுவும் மக்னீசியத்தைக் குறைக்கும். சிறுநீர் பிரிய வைக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். இன்னொன்று, உடம்பில் உள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை. மற்றதெல்லாம் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் அளவு சரியாக இருந்தாலும் உள்ளே இருப்புக் குறைந்திருக்கலாம்.

நம் ஊரில் 'ப்ரெட் முரும்' என்கிறோமே, முருங்கைக்கீரை, அதில் மக்னீசியம் உண்டு. பருப்பிலும் உண்டு. சரி, நிறையச் சாப்பிடலாமா என்றால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இவற்றில் பொட்டாசியம் என்ற தாதுவும் இருக்கிறது, இங்கேதான் அது வருகிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5-லிருந்து 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது. நீண்ட கால நீரிழிவில் சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். எனாலப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் அதை ஏற்றும். மிகவும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடுதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து, இளநீரும் அளவோடுதான்.

பொட்டாசியம் திடீரென்று ஏறியிருந்தால் உடனே பதறவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் அது கொட்டிவிடும். குழாயில் அணுக்களுக்கு மேலே பிரிந்து நிற்கும் ரத்த நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது, அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தக் குழாயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எங்களுக்குப் புரிந்துவிடும். மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான். கையை முறுக்கி முறுக்கி மூடித் திறந்தாலும் அளவு ஏறும், ஒருமுறை மூடினால் போதும்.

அப்புறம் நொதிகள். ஏ.எல்.டி என்று ஒரு வரி இருக்கும். கல்லீரல் அணுக்களுக்குள் இருக்க வேண்டிய நொதி அது, அணு பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும். 40-க்கு மேல் நின்றால் கொழுப்புக் கல்லீரலா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களிடம் அது மிகவும் சாதாரணம், குடிப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் வரும். ஆனால் கல்லீரலில் கொழுப்பு இருந்தும் ஏ.எல்.டி சரியாகக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் அந்த ஒரு எண்ணை வைத்து நிம்மதி அடைய முடியாது. ரத்தக் கொழுப்புக்கான மாத்திரை தின்கிறவர்கள் இந்த எண் கொஞ்சம் ஏறியதும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனை நமக்கு இலவசம். அடுத்த தேதிக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும்தான். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அக்காவுக்கு டாக்டர் வயிற்று மாத்திரையை மாற்றினார், சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டு மக்னீசியம் மாத்திரை கொடுத்தார். இப்போது அவள் ரிப்போர்ட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் தேதிவாரியாக அடுக்கி வைக்கிறாள். டப்பாவின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டிப் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 0.58, 0.66, போன மாதம் 0.74.